என் மகள் வந்து தங்க ஓர் இடம்

சாட்சி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே ஆண்டவரைத் துதித்துவிட்டுத்தான் கஷ்டத்துக்கு வருவார்கள். நான் கஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துதி இருக்கிறது, பின்னால் வரும். அதற்குள் பாதிப்பேர் பக்கத்தைத் திருப்பிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. என்னை இந்தச் சபைப் பத்திரிகையில் எழுதச் சொன்ன போதகர் ஐயா இதைப் படித்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பாரா என்பதே சந்தேகம்தான்.

என் பெயர் டேனியல். திருவொற்றியூரில் காலிக் கண்டெய்னர்களைப் பழுது பார்க்கிற ஒரு யார்டில் பன்னிரண்டு வருஷமாக வெல்டர். ராயபுரத்தில் நம் சபையில் முன்வரிசையில் உட்காருகிறவன். காணிக்கைப் பை பிடித்தவன். உபவாச ஜெபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறாதவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தவன் வீட்டில் என்ன செய்தான் என்று சொல்லப்போகிறேன், அதற்காகச் சொல்கிறேன்.

என் மனைவி ஹெலன் என்னை விட்டுப் போய் நான்கு வருஷம் முடிந்துவிட்டது. மகள் கெசியாவுக்கு அப்போது ஐந்து வயது. இருவரும் காசிமேட்டில் ஹெலனின் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். ஏன் போனாள் என்று நான் உங்களுக்குச் சொன்ன கதை வேறு. நடந்தது இதுதான்.

ஹெலன் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் சரக்கு எண்ண எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஆராதனைக்குத்தான் வரவேண்டும் என்றேன். அவள் முடியாது என்றாள். வார்த்தை முற்றியது. அவள் புடவை மாற்ற உள்ளே போனபோது, மேசை மேல் இருந்த அவள் போனை எடுத்துக்கொண்டு, கதவை வெளியே சாத்திப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகளின் கையைப் பிடித்தபடி கோயிலுக்கு வந்தேன். அன்றைக்குப் பாட்டெல்லாம் சத்தமாகவே பாடினேன்.

போதகர் அம்மா, "ஹெலன் எங்க?" என்று கேட்டார்கள். காய்ச்சல் என்றேன். உடனே அவளுடைய சுகத்துக்காகச் சபையார் எல்லோரும் எழுந்து நின்று ஜெபித்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். கண் திறந்தபோது கெசியா என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும், அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை என்று.

நான்கு மணி நேரம் கழித்து வீடு திரும்பினேன். கையில் பிரியாணிப் பொட்டலம். கரண்ட் இல்லாத வீட்டில் ஹெலன் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கொடுத்த தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்து மூன்று தட்டில் வைத்து, சாப்பாட்டுக்கு ஜெபமும் பண்ணினேன். சண்டை முடிந்துவிட்டது என்று நிஜமாகவே நினைத்தேன். புதன்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது அவள் பிள்ளையோடு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக் குறிப்புச் சீட்டில் நான் ஒரே விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். "சகோதரி ஹெலனின் கடினமான இருதயம் மாற, பிரிந்த குடும்பம் சேர." நீங்கள் அதை மைக்கில் வாசித்து, பேர் சொல்லி, அழுது ஜெபித்தீர்கள். காசிமேடு எவ்வளவு தூரம்? நாலு தெரு. எல்லாம் அவள் காதுக்குப் போயிற்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகைப் பார்த்தவர்களும் யாரும் சொல்லவில்லை.

குடும்ப நீதிமன்றத்தில் பிள்ளையை மாதம் இரண்டு முறை பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு கூடம் உண்டு. உடைந்த பொம்மைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், என்னைப்போலப் பத்துப் பதினைந்து தகப்பன்மார்கள். ஒரு மணி நேரம். பாதி நேரம் கெசியா சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பாள். "ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள். மணி அடித்ததும் அவள் எழுந்து போகிற வேகத்தை உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கூடத்தை விட்டு வேறெங்காவது, நான் சோறு போட்டு அவள் சாப்பிடுகிற மாதிரி, இரண்டு நாள் அவளை என்னோடு தாரும் ஆண்டவரே என்று அங்கேதான் ஜெபிக்க ஆரம்பித்தேன். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அதையே கோர்ட்டிலும் மனுவாகக் கொடுத்தேன். நீதிபதி அம்மா மறுக்கவில்லை. பிள்ளை தங்குவதற்குத் தகுந்த இடம் இருந்தால் சனி, ஞாயிறு தகப்பனோடு தங்கலாம், ஆனால் தாயார் முதலில் வந்து பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும் என்றார். நான் அப்போது யார்டுக்குப் பின்னால் ஐந்து ஆம்பளைகளோடு ஓர் அறையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அங்கே எட்டு வயதுப் பெண்பிள்ளையை எப்படிக் கூட்டிவருவது?

வீடு தேடினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்கிற பழமொழி நம்முடைய சனங்கள் சொல்லக்கூடாததுதான், ஆனாலும் சொல்கிறேன். கோர்ட்டே கொடுத்த பிள்ளையை வீட்டுக்காரர்கள் கொடுக்கவில்லை. "ஃபேமிலியா?" என்பார்கள். பிரிந்து இருக்கிறேன், வாரக்கடைசியில் மகள் வருவாள் என்பேன். "தனி ஆம்பளைக்கு வூடு குட்த்தா அக்கம்பக்கத்துல இன்னா பேசுவாங்க?" ராயபுரம், கல்மண்டபம், தங்கசாலை வரைக்கும் ஒரே பதில். விசுவாசிகளும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். "ஜெபிக்கிறோம் பிரதர்."

கோர்ட்டில் இருந்த ஆலோசகர் அம்மாதான் எர்ணாவூர்ப் பக்கம் ஓர் இடம் சொன்னார். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் காலி நிலம். அதன் சொந்தக்காரர்கள் நிலத்தைக் கொடுத்து, பழைய இருபதடிக் கண்டெய்னர்கள் பதினொன்றை வாங்கிப்போட்டுச் சின்னச் சின்ன வீடாக்கியிருந்தார்கள். பிரிந்துபோன தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் மட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், பிள்ளைக்கு மேலே ஒரு படுக்கை. சமையலுக்குப் பொதுவாக ஒரு கொட்டகை. ஒன்றரை வருஷம் தங்கலாம். அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இன்னொருவர் காத்திருப்பார். பிரிந்த மற்றவர் எந்த நாள் வந்தாலும் உள்ளே விட்டுக் காட்டவேண்டும் என்பது அங்கே முதல் சட்டம். வழியில் போகிற டேங்கர் லாரிக்காரர்கள் அதற்கு டப்பா நகர் என்று பேர் வைத்துவிட்டார்கள். காற்று திரும்பினால் மணலி எண்ணெய் ஆலைகளின் நாற்றம் முழுசாக வந்து இறங்கும்.

பகலெல்லாம் எந்தப் பெட்டியைத் தட்டி, ஒட்டி, வெறுத்துப்போய் வருகிறேனோ, அந்தப் பெட்டியையே எனக்கு வீடாகக் கொடுத்தார் கர்த்தர். நன்றியாக இருந்தேன் என்று சொன்னால் பொய். அவருக்கும் என்னைக் கேலி பண்ணத் தோன்றிவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் போன வருஷம் ஜூலையில் ஒன்பதாம் நம்பர் பெட்டிக்குக் குடிபோனேன்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஷாஹிதா அக்கா. தண்டையார்பேட்டைக்காரர். அவரும் கணவனைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு முதல் நம்பர் பெட்டியில் தங்கிவிட்டுப் போனவர்தான். வாய் கொஞ்சம் அதிகம். "த பாரு தம்பி, இங்க அல்லாருமே தோத்துப் போய் வந்தவங்கதான். யாரு தோக்கடிச்சாங்கன்ற கதைய மட்டும் எங்கைல சொல்லாத. கேட்டுக் கேட்டு காது புளிச்சிப் பூட்ச்சி" என்றார் முதல் நாளே.

மூன்று மாதம் அந்தப் பெட்டியில் உழைத்தேன். துரு சுரண்டினேன், ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டு பண்ணினேன், உள்ளே வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். கண்டெய்னரின் ஒரு முனையில் இருக்குமே, அந்தப் பெரிய இரட்டைக் கதவு. மற்றப் பெட்டிகளில் அதைத் துருப்பிடித்தபடியே விட்டு, உள்பக்கம் அலமாரி அடித்து மறைத்திருந்தார்கள். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. எங்கள் தொழிலில் கதவு சரியாகப் பூட்டாத பெட்டி தேறாத பெட்டி. நான்கு பூட்டுக் கம்பிகளையும் கழற்றி, நேராக்கி, கிரீஸ் போட்டு மாட்டினேன். ஒரு விரலால் தள்ளினால் போதும், கதவு வெண்ணெய்மாதிரி மூடிக்கொள்ளும். ஷாஹிதா அக்கா அதைப் பார்த்தபோதெல்லாம் ஏதோ சொல்ல வருவார். சொல்லாமல் போய்விடுவார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹெலன் இடத்தைப் பார்க்க வந்தாள். கெசியாவும் வந்தாள். முந்தின நாள் மழை பெய்து எங்கும் சேறு. ஹெலன் உள்ளே வந்து, ஃபேனைப் போட்டுப் பார்த்தாள். படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். "மழைக்கு ஒழுவாதா?" என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வேலையில் லைட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பழுது பார்த்து முடித்த பெட்டிக்குள் ஒருவன் போய் நிற்பான். மற்றவன் வெளியே கதவைச் சாத்திக் கம்பியை இறக்குவான். உள்ளே கும்மிருட்டு. எங்காவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் ஓட்டை, தண்ணீர் வரும். வெளிச்சமே தெரியாவிட்டால் பெட்டி பாஸ். ஒழுகாது என்பதற்கு இதைவிடப் பெரிய ருசு எங்கள் உலகத்தில் கிடையாது.

"இரு, காட்றேன்" என்றேன். ஜன்னலின் தகரத்தை இழுத்து மூடினேன். பக்கக் கதவைச் சாத்தினேன். பெரிய கதவு வழியாக வெளியே குதித்து, சிரித்துக்கொண்டே அதையும் தள்ளி மூடிக் கம்பியை இறக்கினேன். "வெளிச்சம் தெரிதா பாரு!" என்று வெளியே நின்று கத்தினேன்.

உள்ளே இருந்து வந்தது ஹெலனின் அலறல். வார்த்தையே இல்லை, வெறும் சத்தம். அப்புறம் தகரத்தைக் கையால் அறைகிற ஓசை. அதற்குள் கெசியா, "டாடி, டாடி, வாணாம் டாடி" என்று அழுவது கேட்டது. கம்பியைத் தூக்கித் திறந்தேன். மொத்தம் பத்து விநாடி இருக்காது. ஹெலன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எட்டு வயதுப் பிள்ளையை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டுச் சேற்றில் நடந்து கேட்டைத் தாண்டிப் போனாள்.

"நீ இன்னா பண்ணன்னு தெரிதா உன்க்கு?" என்று சத்தம் கேட்டு ஓடிவந்த ஷாஹிதா அக்கா கேட்டார்.

"லைட் டெஸ்டுக்கா. ஒழுவாதுன்னு காமிச்சேன். பத்து செகண்டு. அதுக்கு இன்னா ஆர்ப்பாட்டம்!"

அவர் சேற்றில் கிடந்த செருப்பை எடுத்துக் குழாயில் கழுவி வைத்தார்.

இடம் பிள்ளைக்குத் தகுந்ததல்ல என்று தாயார் சொல்லிவிட்டதாகக் கோர்ட்டிலிருந்து தகவல் வந்தது. நீதிமன்றக் கூடத்துக்கு வந்தாலும் கெசியா என் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஹெலன் வேண்டுமென்றே நடிக்கிறாள், பிள்ளை மனசைக் கெடுக்கிறாள் என்று யார்டு முழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு காலையும் பெட்டிக்குள் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அவளுக்கு உணர்த்தும். என் கஷ்டத்தை அவளுக்கு உணர்த்தும்" என்று ஜெபித்தேன். கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. பதில் இல்லை.

மார்ச் மாதம் பதில் வந்தது. அவளுக்கு அல்ல.

அன்றைக்கு யார்டில் ஒரு நாற்பதடிப் பெட்டிக்கு லைட் டெஸ்ட். என்னோடு வேலை பார்க்கிற மஸ்தான் வெளியே, நான் உள்ளே. காலை பதினொரு மணி இருக்கும். அவன் கதவைச் சாத்திக் கம்பியை இறக்கினான். நான் கூரையை, மூலைகளைப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எல்லா ஓட்டையையும் நானே அடைத்திருந்தேன், நன்றாகவே அடைத்திருந்தேன். சுத்தியலால் மூன்று தட்டு தட்டினேன். திற என்று அதற்கு அர்த்தம். திறக்கவில்லை.

மறுபடி தட்டினேன். பிறகுதான் உறைத்தது. அந்த யார்டில் காலை முதல் மாலை வரை நூறு இடத்தில் தகரம் தட்டுகிறார்கள். உள்ளே இருந்து ஒருவன் தட்டினால் அது யார் காதிலும் விழாது. சூப்பர்வைசர் வேறு வேலைக்குக் கூப்பிட, மஸ்தான் அப்படியே போய்விட்டான். எனக்கு அது அப்போது தெரியாது. கூட இருக்கும் ஆளை மறந்துவிட்டு எவனாவது போவானா என்று அவனைத் திட்டினேன். அவன் வம்சத்தையே திட்டினேன். பங்குனி வெயில் மேலே ஏற ஏற, இரும்பைத் தொட முடியவில்லை. சட்டையைக் கழற்றிப்போட்டேன். மூச்சு வாங்கியது. கதவிடுக்கில் வாயை வைத்துப் பார்த்தேன். அங்கே ரப்பர் வைத்து அடைத்ததும் நான்தான்.

சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ, அந்த நேரத்தில் சாவுபயத்தைவிட எனக்கு வேறொரு பயம் வந்தது. வெளியே யாராவது டேனியல் எங்கே என்று கேட்டால், காய்ச்சல், வீட்டுக்குப் போய்விட்டான் என்று எவனாவது சொல்லிக்கொண்டிருப்பானோ என்று நினைத்தேன். அதை நினைத்த மாத்திரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஹெலன் நான்கு மணி நேரம் தட்டியிருப்பாள். நாங்கள் ஒரு கூட்டமாகக் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தோம். அந்த இருட்டில் நான் அழுத அழுகை என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை. "ஆண்டவரே, நான் செய்தேன். அவளுக்கு நான்தான் இதைச் செய்தேன். பிள்ளையையும் வைத்து மறுபடி செய்தேன்" என்றேன். வேறு ஜெபம் வரவில்லை. காப்பாற்றும் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

திடீரென்று தரை ஆடியது. பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ராட்சச வண்டி என் பெட்டியைத் தூக்குகிறது என்று தெரிந்தது. அடுக்கில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துவிட்டால் அடுத்து யார் எப்போது திறப்பார்கள் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். பெட்டி சாய்ந்து நான் உருண்டேன். அப்போது வெளியே மஸ்தான் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. "டேய், எறக்குடா! உள்ள ஆளு கீறான்டா! ஆளு கீறான்!"

இறக்கினார்கள். கதவு திறந்தது. நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மஸ்தான் தேநீர் குடிக்கப் போன இடத்தில் இரண்டு கிளாஸ் கேட்டானாம். ஒரு கிளாஸ் யாருக்கு என்று யோசித்தபோதுதான் என் ஞாபகம் வந்ததாம். அவன் ஞாபகத்தில் என்னைக் கொண்டுவந்தவர் கர்த்தர் என்று விசுவாசிக்கிறேன். இன்றைக்கும் அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மஸ்தான் ஓடிப்போய் எலுமிச்சை சர்பத் வாங்கி வந்தான். "மன்ச்சிக்கோ மாமு, பேஜாரா பூட்ச்சி. இத்த குடி, அல்லாம் சரியா பூடும். கொஞ்ச நேரந்தான?" என்றான்.

கொஞ்ச நேரந்தானே! அவனை அறையக் கை ஓங்கினேன். ஓங்கின கை அப்படியே நின்றது. நான் பிரியாணி வாங்கிக்கொண்டு போனவன்.

அன்று மாலையே யார்டிலிருந்து காஸ் கட்டரைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒன்பதாம் நம்பரின் நான்கு பூட்டுக் கம்பிகளையும் வெட்டினேன். பெரிய கதவைச் சாத்திச் சுற்றிலும் வெல்டு வைத்து அதைச் சுவராக்கினேன். பக்கக் கதவுக்கு வெளியே இருந்த தாழ்ப்பாளையும் கழற்றினேன். பக்கத்துப் பெட்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஷாஹிதா அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "எத்தினி மாசமா சொல்லணும்னு கீறேன் தெரிமா? நீ பாட்டுக்கு கிரீஸ் போட்டு மினுக்கிகினு இருந்த. நான் இன்னாத்த சொல்றது?" என்றார்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். காய்ச்சல் என்று சொன்னது பொய், பூட்டிவிட்டு வந்தேன் என்றேன். வெள்ளிக்கிழமைச் சீட்டில் எழுதவேண்டிய இருதயம் என்னுடையது என்றேன். பெட்டிக்குள் நடந்ததையும் சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு மூப்பர் என்னை ஓரமாக அழைத்து, "குடும்ப விஷயத்த ஏன் பிரதர் சபையில சொல்றீங்க? சாட்சி கெட்டுப்போகும்" என்றார். ஹெலனின் பெயரை ஒரு வருஷம் மைக்கில் வாசித்தபோது அது குடும்ப விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு எரிகிறது. மன்னிக்க முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.

கோர்ட்டுக்கும் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஜெபத்தில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பேன். கேட்டால் என்ன கிடைக்குமோ என்கிற பயம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், யாருக்கும் சொல்லாமல் ஹெலன் பிள்ளையோடு வந்தாள். சபையில் நான் சொன்னது அவள் காதுக்கும் போயிருந்தது. நாலு தெருதானே. அவள் பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். வெட்டின கம்பிகளின் மொட்டை முனைகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "கெசியா, நீ உள்ள போய் நில்லு" என்றாள். அவளே பக்கக் கதவைச் சாத்தினாள். "தொற" என்றாள். கெசியா உள்ளிருந்து திறந்தாள். மறுபடி சாத்தினாள். மறுபடி திறக்கச் சொன்னாள். பத்துத் தடவைக்குமேல் இருக்கும். கடைசியில் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெலன் சிரிக்கவில்லை. நான் தூரத்தில், குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். கிட்டே வர எனக்குத் தைரியம் இல்லை.

"சனிக்கெழம காலீல பத்து மணிக்கு இட்டாந்து வுடறேன். ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வந்து இட்டுகினு போவேன். போன் அவ கைலயே இருக்கும்" என்றாள்.

"ஹெலன், என்ன மன்னிச்சிடு."

"அத்த கேக்காத. புள்ளைக்கு எடம் கீதான்னு பாக்க வந்தேன். அத்தோட வுடு."

அவ்வளவுதான். நான் ஜெபித்தது கிடைத்துவிட்டது. கேட்டது இரண்டு நாள், கொடுத்தது இரண்டு நாள். அதற்குமேல் ஒரு மணித்துளி இல்லை.

முதல் சனிக்கிழமை கெசியா உள்ளே வந்ததும் தன் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தாள், கதவு சாத்திக்கொள்ளாதபடி. நான் பார்த்தும் பாராதமாதிரி வஞ்சிரம் வறுத்தேன். மீன் வாசனைக்குப் பூனைகள் எல்லாம் உள்ளே வந்தன. வரட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் செருப்பு வைத்தாள். ஏழு வாரம் வைத்தாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாவது வாரம் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, "டாடி, பூனை வருது, கதவ சாத்து" என்றாள். நான் கொட்டகைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது துதி. நாற்பது நிமிஷம் என்னை அடைத்துவைத்து என்னை எனக்குக் காட்டின கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இரண்டாவது கிளாஸை மஸ்தானுக்கு நினைப்பூட்டினவருக்கு ஸ்தோத்திரம். தகுதியில்லாதவனை நம்பி வாரம் தவறாமல் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாளே, அந்த மனுஷிக்காக ஸ்தோத்திரம்.

நான் மாறிவிட்டேனா? கோபம் போகவில்லை. கோபம் வந்தால் இப்போது வீட்டை விட்டு நான் வெளியே போகிறேன். எர்ணாவூர் பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். என்னைக் கர்த்தர் மாற்றினது அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். என் பெயரும் ஹெலன் பெயரும் இன்னும் வெள்ளிக்கிழமைச் சீட்டில் இருக்கிறது. குடும்பம் சேர வேண்டும் என்று ஜெபிக்கிறீர்கள். போதகர் ஐயாவும் இந்தச் சாட்சிக்குக் கடைசியில் அப்படி ஒரு வரி வரும் என்று எதிர்பார்த்தார். வராது. போன மாதம் இருவரும் சம்மதித்து விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். தயவுசெய்து அந்த ஜெபத்தை நிறுத்திவிடுங்கள். அவள் போனது சரி. அவள் திரும்பி வரவேண்டும் என்று இனி நான் ஜெபித்தால், அது இன்னொரு பூட்டு.

ஆனால் கர்த்தரை நம்புங்கள். வீட்டில் யாரையாவது அழவைத்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களும் நம்புங்கள், முக்கியமாக அவர்கள். கூப்பிட்டால் பதில் சொல்லுகிறவர் அவர். பதில் உங்களுக்குப் பிடிக்கும் என்று மட்டும் என்னால் உத்தரவாதம் தரமுடியாது.

டப்பா நகரில் என் ஒன்றரை வருஷம் வருகிற ஜனவரியோடு முடிகிறது. ஒன்பதாம் நம்பருக்கு ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளோடு காத்திருக்கிறார்கள். நான் காலி பண்ணியே ஆகவேண்டும். மறுபடி வீடு தேடுகிறேன், மறுபடி அதே பதில்தான். பிள்ளை தங்க இடம் இல்லையென்றால் எங்களுக்கு மறுபடி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். இதை ஜெபக் குறிப்பாக எழுதவில்லை, தயவுசெய்து மைக்கில் வாசிக்கவேண்டாம். இந்தச் சபையில் யார் யாருக்கு மாடியில் வாடகைப் போர்ஷன் காலியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிப்ரவரி முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் வருவாள். எந்த விலாசத்துக்கு வரச் சொல்லட்டும்?